தெருவில் இருப்பவருக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தால் போதுமா?

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வருடக்கணக்காகப் படுத்துக்கிடக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு, நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதா மாதம் வாடகை கட்டி ஒரு லைன் வீடு (ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் சின்ன வீடுகளில் ஒன்று) பிடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் முன்பு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், குடிப்பார், சில நாள் தனக்குத்தானே பேசிக்கொள்வார், காப்பகத்தில் கொண்டுபோய் விட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார், ஈரோட்டில் மகன் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி வாடகையைப் பற்றியதுபோல் இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குடியையும் மனதையும் சரிசெய்துவிட்டு வீடு கொடுப்பதா, வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்ப்பதா? கொடுத்தால் அங்கே தங்குவாரா?

நான் மனநல சமூகப் பணி படித்தவள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருவோரம் வாழ்கிறவர்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன். அவரை நான் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு என்ன நோய், நோய் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கிருந்து சொல்ல மாட்டேன். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வீட்டை முதலில் கொடுக்கலாம், கொடுப்பதுதான் சரி. ஆனால் இதில் வாடகைதான் சின்னச் செலவு. வீடு கிடைத்த பிறகு வாரா வாரம் போய் அந்த வாசலில் நிற்கப்போவது யார், எத்தனை வருடத்துக்கு என்று முடிவாகாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். இந்த 'முதலில் வீடு' முறை, 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' அமைப்பிலிருந்து பரவியது. அதற்கு முன்பு பெரும்பாலும் படிப்படியாக ஏற்றும் வழக்கம்தான். முதலில் காப்பகம், அங்கே ஒழுங்காக இருந்தால் விடுதி, குடியை விட்டு மருந்தும் சாப்பிட்டால் கடைசியில் தனி வீடு. அந்தக் கடைசிப் படி வரை வந்தவர்கள் குறைவு, நடுவில் தவறித் தெருவுக்கே திரும்பியவர்கள் அதிகம். செம்பெரிஸ் வீட்டை முதலிலேயே கொடுத்தார். வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்குத் தர வேண்டும், பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பதை ஏற்க வேண்டும், இவைதான் முக்கிய நிபந்தனைகள். குடியை விடு, மருந்து சாப்பிடு என்பது நிபந்தனையில் இல்லை. 2009 முதல் 2013 வரை கனடாவில் ஐந்து நகரங்களில் மனநோயும் வீடின்மையும் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள், வீடும் துணையும் கிடைத்த பக்கத்தில் 62 சதவீதம், வழக்கமான சேவை மட்டும் கிடைத்த பக்கத்தில் 31 சதவீதம். பின்லாந்து 2008-ல் இதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு, காப்பகங்களை மாற்றி வீடுகளாக்கியது. அதன் தலைநகர் ஹெல்சின்கியில், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் 250 படுக்கை கொண்ட விடுதி ஒன்று 80 தனி வீடுகளானது. அந்த நாட்டில் 1987-ல் சுமார் 18,000 பேர் வீடில்லாமல் இருந்தார்கள், 2023-ல் 3,500-க்குள். அதனால் "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வீடு கொடுத்தா நிக்கமாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலானோர் நிற்கிறார்கள்.

அதே ஆய்வுகள் சொல்லும் மறுபக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு கிடைத்ததால் குடி தானாக நிற்கவில்லை. மனநோயின் அறிகுறிகள் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. 2018-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் இருந்த சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, இத்தகைய வீடுகளால் உடல்நலம் மேம்படுகிறது என்பதற்கு, எச்ஐவி உள்ளவர்களைத் தவிர, போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதின. ஆறு மாதம் கழித்தும் அவர் குடித்துக்கொண்டிருந்தால் உங்கள் திட்டம் தோற்றதாக நினைக்காதீர்கள். அவர் ராத்திரி எங்கே படுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். வீட்டில் படுக்கிறார் என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. "வீடு கொடுத்தால் அரசுக்குச் செலவு மிச்சம்" என்ற வாதத்தை இங்கே யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் தெருவில் இருக்கும் ஒருவருக்காக ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, சிறை என்று அரசு ஏகப்பட்ட பணம் செலவழிக்கிறது. அங்கேயும் அதிகம் செலவு வைக்கிறவர்களிடம்தான் மிச்சம் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் கிடக்கும் மனிதருக்காக யாரும் எதுவும் செலவழிப்பதில்லை, அதனால் மிச்சப்படுத்தவும் எதுவும் இல்லை. அவருக்கு வீடு வேண்டும் என்பதற்கு, அவர் ஒரு மனிதர் என்ற காரணமே போதும். வேறு கணக்கு தேடுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவில் அரசின் ஏற்பாடு பெரும்பாலும் காப்பகத்தோடு நின்றுவிடுகிறது. 2010-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேராவது தங்கும் அளவில், 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்று விதி வந்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய கோவைக்கு அந்தக் கணக்கில் ஆயிரம் இடங்களுக்கு மேல் வேண்டும். காப்பகம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். மழை ராத்திரியில் உயிரைக் காப்பது அதுதான். ஆனால் அது வீடாகாது. வீடு என்ற அளவில் தமிழ்நாட்டில் நடந்ததில் முக்கியமானது, 1993-ல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டம். மனநோயோடு தெருவிலிருந்து வந்து, வருடக்கணக்காகக் காப்பகத்திலும் மருத்துவமனையிலும் தங்கிப்போனவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்து, கூடவே உதவியாளரையும் வைத்தார்கள். சமைப்பது, சண்டை போடுவது, கடைக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை முடிந்து வந்தவர்கள். நேராகப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவரைத் தனி வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு நம் ஊரில் அந்த அளவு சான்று கிடையாது. நீங்கள் செய்யப்போவது அந்த இடைவெளியில்தான்.

அவர் காப்பகத்திலிருந்து ஏன் திரும்பி வந்தார் என்பதை அவரிடமே கேளுங்கள். நான் கேட்டவரைக்கும் காரணங்கள் எளிமையானவை. சாயங்காலமே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள், பீடிக்கு விடுவதில்லை, பையை வாங்கி வைத்துவிடுகிறார்கள், கூடவே இருந்த நாயைச் சேர்ப்பதில்லை. போன அன்றே கேட்காமல் மொட்டை அடித்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அதைப் போனில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிற வழக்கமும் இருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், கண் எங்கே போகிறது என்று பாருங்கள். தயவுசெய்து நீங்கள் அவரை வீடியோ எடுக்காதீர்கள். வாடகைக்குப் பணம் சேர்க்க உதவும் என்றாலும் வேண்டாம். குடிபோகும் தெருவில் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

திருப்பூருக்கென்று ஒரு விஷயம் உண்டு. இங்கே நிறையப் பேருக்கு வேலையும் ரூமும் ஒன்றாகவே வருகிறது, ஒன்றாகவே போகிறது. கண் மங்கி, கை நடுங்கி, சீசனில் கூப்பிடாமல் விட்டால் கம்பெனி ரூமும் போய்விடும். தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் கிடையாது. பந்தி பரிமாறப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பிள்ளைகளோடு ஒத்துப்போகாமல் கோயில் வாசலுக்கு வந்துவிட்ட பெரியவர்கள் என்று பலர். இவர்களில் பலருக்கு வேலைக்குப் பக்கத்தில் மலிவான ஒரு அறை கிடைத்தாலே போதும், வாரா வாரம் ஆள் போக வேண்டியதில்லை. உங்கள் கட்டிங் மாஸ்டர் எந்த வகை என்பது பேசிப் பேசித்தான் தெரியும். அதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள், அவர் டீ குடிக்கும் கடையிலேயே குடியுங்கள், முதல் நாளே வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

மருத்துவத்தில் ஒரு எச்சரிக்கை, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தினமும் அதிகமாகக் குடிக்கும் ஒருவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், பூட்டிவைத்து நிறுத்தவும் பார்க்காதீர்கள். ஓரிரு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, கண்ணுக்கு இல்லாதது தெரிவது என்று வந்து உயிரே போகலாம். அரசு மருத்துவமனையில் சேர்த்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். தனக்குத்தானே பேசுவது குடியாலா, மனநோயாலா, சர்க்கரையாலா, தனிமையாலா என்பதை மனநலப் பிரிவு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வழி தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே கேட்கலாம். தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் அவர் இருந்தால், 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீஸ் அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோனவர்களை மறக்காமல் இருந்தால், இந்த வரிகள் ஏன் எழுதப்பட்டன என்று புரியும்.

இனி வீடு. ஊருக்கு வெளியே வாடகை குறைவு என்று போகாதீர்கள். கோவையில் குளக்கரைகளில் இருந்த குடும்பங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது, வீடு கிடைத்தும் வேலைக்கும் பள்ளிக்கும் பஸ் ஏறியே அலுத்துப்போனார்கள். அவருக்குத் தெரிந்த டீக்கடை, அம்மா உணவகம், பெஞ்சு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும். லைன் வீடு என்று நீங்கள் யோசித்தது நல்ல யோசனை. தனியாக இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் மனிதக் குரல் கேட்கும், ராத்திரி இருமினால் காலையில் யாராவது கேட்பார்கள். சண்டை வருவதும் அங்கேதான். ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், காலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். நல்ல தண்ணி எப்போதாவது ஒரு நாள் வரும், அன்றைக்குக் குடம் வைக்கத் தெரியாதவர் எல்லோருக்கும் எதிரியாகிவிடுவார். உப்புத் தண்ணித் தொட்டி எது, நல்ல தண்ணிக் குடம் எது, கக்கூஸ் கழுவும் முறை எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்பதையெல்லாம் நீங்கள் கூடவே நின்று பழக்க வேண்டும். மருந்தைவிட இது முக்கியமாகப் போகிற நாட்கள் வரும். முடிந்தால் கடைசி வீட்டைப் பிடியுங்கள், கக்கூஸை ஒட்டிய வீடு வேண்டாம்.

குடிபோகும் அன்று பால் காய்ச்சுங்கள். அவர் கையாலேயே காய்ச்சட்டும், பக்கத்து வீடுகளுக்கு டம்ளரில் அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முதல் சில ராத்திரி அவர் உள்ளே படுக்காமல் வாசல்படியில் துண்டை விரித்துப் படுக்கலாம். பயப்படாதீர்கள், ரொம்பப் பேர் அப்படித்தான். வருடக்கணக்காக வெளியில் படுத்தவருக்குச் சாத்திய கதவு மூச்சு முட்டும். கட்டில் வாங்கிக் கொடுத்தும் பையைத் தலைக்கு வைத்துத் தரையில்தான் படுப்பார், செருப்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பார். ஒரு பெரியவர் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இது யாரு ஊடுங்கம்மணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்க ஊடுதானுங்க என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். பகலில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தாலும் தடுக்காதீர்கள், அவருடைய ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் மறைத்துப் பேசாதீர்கள். யார் வரப்போகிறார் என்று சொல்லிவிடுங்கள், சிலர் மறுப்பார்கள், யாராவது ஒருவர் ஒத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது, ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது ஆனால் போனை எடுக்க ஒரு ஆள். அந்த எண்ணைக் கொடுங்கள், எடுக்கவும் செய்யுங்கள். 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். வாடகைதாரர் என்று அந்தப் பெரியவர் பெயரே இருக்கட்டும், நீங்கள் பொறுப்பேற்பவராக இருங்கள். அவரும் கொஞ்சம் கட்டினால்தான் வீடு அவருடையது ஆகும். அதற்கு வருமானம் வேண்டும். 60 வயதான ஆதரவற்றவருக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்கும், 2023-ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். பத்து வருடச் சேவை சேர்ந்திருந்தால் 58 வயதிலிருந்து ஓய்வூதியம் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஆதார் கேட்பார்கள். பலருக்கு எண் ஏற்கெனவே இருக்கும், அட்டைதான் தொலைந்திருக்கும், ஆதார் மையத்தில் கைரேகையோ கருவிழியோ வைத்து மீட்கப் பாருங்கள்.

வாரா வாரம் போகும் ஆளைப் பற்றிச் சொன்னேன். நியூயார்க் முறையில் கடுமையான நோய் உள்ளவர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கு, அதுவும் மருத்துவரும் செவிலியரும் சேர்ந்த குழுவாக. உங்கள் நாலைந்து பேரால் அந்த அளவு முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டு, யார் ஊருக்குப் போனாலும் அந்த நாள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்வம் ஐந்தாறு மாதத்தில் குறையும். குறைந்தது இரண்டு வருடம் நிற்க முடியும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பிறகு தொடங்குங்கள். அதற்கு மனமில்லையென்றால், வாடகைப் பணத்தை ஏற்கெனவே இந்த வேலையைச் செய்யும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுப்பது அவருக்கு நல்லது. வீடு கொடுத்து, பிறகு ஆளில்லாமல் விட்டு, வாடகை நின்று, சாமானோடு வெளியே வருவது அவருக்கு இன்னொரு இழப்பு.

குடி விஷயத்தில் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடிப்பது அவர் பிரச்சினை, அதற்காகச் சாவியைப் பிடுங்கக் கூடாது. குடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் அது வாடகைதாரர் பிரச்சினை, எந்த வாடகைதாரருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லுங்கள். அப்படியும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டால் அடுத்த வீடு பாருங்கள். இந்த முறையில் முதல் வீடு போவது சகஜம், இரண்டாவதில் நின்றவர்கள் நிறைய. அதனால் இரண்டாவது அட்வான்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

எனக்குச் சந்தேகம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவிலும் பின்லாந்திலும் வாடகையில் பெரும் பங்கை அரசு தருகிறது. இங்கே அப்படி நிரந்தர உதவி இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடு ஒதுக்கீடும் குடும்பத்தை வைத்துத்தான் நடக்கிறது, தனி ஆளுக்கு இடம் கிடைப்பது கடினம். உங்கள் நாலைந்து பேரின் சம்பளத்தைத் தாங்கி நிற்கும் ஒரு ஏற்பாடு பத்து வருடம் ஓடுமா என்பதுதான் என் கவலை, அவர் தங்குவாரா என்பதில்லை. நீண்ட காலம் குடித்த, மனநோய் இல்லாத ஆண்களுக்குத் தனி வீடு நல்லதா, இரண்டு மூன்று பேர் சேர்ந்த வீடு நல்லதா என்பதிலும் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் அவரிடமே கேட்கச் சொல்வேன். பெண்ணாக இருந்திருந்தால் தயங்காமல் சேர்ந்த வீடு என்றிருப்பேன், பாதுகாப்புக்காக.

கடைசியாக, மகன். அவருக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் போடாதீர்கள். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிடலாம். ஆனால் மனுக் கொடுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். யார் யாரை விட்டுப் போனார்கள், எதற்காக என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் சில மாதம் நின்ற பிறகு அவராகவே பேச்செடுத்தால், முதலில் உங்களில் ஒருவர் மட்டும் ஈரோடு போய் மகனைப் பாருங்கள். பணம் கேட்காதீர்கள். அப்பா எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று, அவர் சம்மதித்தால் மட்டும், சொல்லிவிட்டு வாருங்கள்.